மகளின் படிப்புப் பணத்தை மணிக்கட்டில் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. மூன்று வயதில் ஒரு மகள். பங்குகள் சிலவற்றை விற்றதில் ஒரு தொகை கையில் இருக்கிறது. எங்கள் மொத்தச் சேமிப்பில் அது மூன்றில் ஒரு பங்கு. அதில் ரோலெக்ஸ் இரண்டு, படேக் பிலிப் ஒன்று என மூன்று வாட்ச் வாங்கி லாக்கரில் வைத்துவிட்டு, 15 வருடம் கழித்து மகள் கல்லூரிக்குப் போகும்போது விற்கலாம் என்று நினைக்கிறேன். என் நண்பர் 2019-ல் வாங்கிய ரோலெக்ஸ் டேடோனாவை 2022 தொடக்கத்தில் மூன்று மடங்கு விலைக்கு விற்றார். நல்ல வாட்ச் விலை இறங்காது என்று அவர் அடித்துச் சொல்கிறார். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. இன்னொன்று: அப்பாவின் பழைய ஒமேகா ஒன்று வீட்டில் இருக்கிறது, 1960-களில் வாங்கியது. டயல் மங்கிவிட்டது. டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, பாலிஷ் போட்டு விற்று, அந்தப் பணத்தையும் இதோடு சேர்த்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மனைவியிடம், அவர் சொல்வதுதான் சரி என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். காரணங்களை நிதானமாகப் பேசுவோம்.

பழைய வாட்ச்சைத் திறந்து பார்த்து விலை சொல்வது என் தொழில், முப்பது வருடமாக. வாட்ச் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதும் கையில் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 'முதலீடு' என்ற வார்த்தையோடு யாராவது என் மேஜைக்கு வந்தால் கொஞ்சம் உஷாராகிவிடுவேன்.

உங்கள் நண்பரின் கணக்கிலிருந்தே தொடங்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஸ்டீல் டேடோனாவின் ஷோரூம் விலை அப்போது 15,000 டாலருக்குள். 2022 தொடக்கத்தில் வெளிமார்க்கெட்டில் அது 40,000 டாலரைத் தாண்டிப் போனது. படேக் பிலிப்பின் ஸ்டீல் நாட்டிலஸ் 5711 இன்னும் மோசம். ஷோரூமில் சுமார் 35,000 டாலர். 2021-ல் அந்த மாடலை நிறுத்துகிறோம் என்று கம்பெனி அறிவித்தபிறகு, வெளியில் ஒன்றரை லட்சம் டாலருக்கும் மேல் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை, கொடுத்து வாங்கவும் ஆள் இருந்தார்கள். வட்டி மிகக் குறைவாக இருந்த காலம் அது. கிரிப்டோவில் சம்பாதித்தவர்கள் செலவழிக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஊரடங்கால் பயணம் போக முடியாதவர்களின் பணமும் சும்மா கிடந்தது. 2022 வசந்தத்தில் வட்டி ஏறத் தொடங்கியது, கிரிப்டோ சரிந்தது, வாட்ச்சும் கூடவே இறங்கியது. டேடோனா 30,000 டாலரை ஒட்டி வந்து நின்றது. நாட்டிலஸும் உச்சத்திலிருந்து பல பத்தாயிரம் டாலர் இறங்கியது.

இதில் யாருக்கு நஷ்டம்? ஷோரூம் விலையில் வாங்கியவருக்கு இல்லை. அவர் அப்போதும் லாபத்தில்தான் இருந்தார். உச்சத்தில் அவரிடமிருந்து வாங்கினாரே, அவருக்குத்தான். உங்கள் நண்பர் விற்ற வாட்ச்சை ஒருவர் வாங்கினார் இல்லையா? 'நல்ல வாட்ச் விலை இறங்காது' என்று அவரும் நம்பித்தான் வாங்கியிருப்பார்.

இன்றைக்கு நீங்கள் பணத்தோடு கிளம்பினால் இந்த இரண்டு பேரில் எந்த ஆளாக இருப்பீர்கள் என்று யோசியுங்கள். ஷோரூமுக்குப் போய் டேடோனா கேட்டால் புன்னகையோடு பெயரை எழுதிக்கொள்வார்கள். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெயர் எழுதிய எல்லோருக்கும் கிடைக்கும் என்பதும் இல்லை. கடையில் ஏற்கெனவே நிறைய வாங்கியவர்களுக்குத்தான் முன்னுரிமை. நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அந்த டேடோனா கைக்கு வருவதற்கு முன் அதே கடையில் வேறு என்னென்ன வாங்கினார்? மனைவிக்கு ஒரு நகை, தனக்கு அவ்வளவாகப் பிடிக்காத இன்னொரு வாட்ச் என்று ஏதாவது இருக்கும். அவையெல்லாம் இன்று என்ன விலை போகும் என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும். லாபக் கதை சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் வெளிமார்க்கெட்டுக்குப் போவார்கள். உங்கள் கடிதத்தின் அவசரத்தைப் பார்த்தால் நீங்களும் அங்கேதான் போவீர்கள் என்று தோன்றுகிறது. அங்கே வரப்போகிற லாபத்தை முன்பே எடுத்துவிட்டுத்தான் விலை வைத்திருப்பார்கள். கரும்பைப் பிழிந்துவிட்டுச் சக்கையை விற்பது போலத்தான்.

இது பேர்போன ஏழெட்டு மாடல்களின் கதை. ரோலெக்ஸில் சில ஸ்டீல் மாடல்கள், படேக் பிலிப்பில் நாட்டிலஸும் அக்வனாட்டும், ஓடமார் பீகேவின் ராயல் ஓக், அப்புறம் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய தனியாக வாட்ச் செய்யும் சில கைவினைஞர்களின் வேலை. அவ்வளவுதான். மற்றபடி உலகில் விற்கும் விலையுயர்ந்த வாட்ச்சில் பெரும்பகுதி ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே விலையில் கணிசமாக இழக்கிறது. வைரம் பதித்தது என்றால் கேட்கவே வேண்டாம். 'லிமிடெட் எடிஷன்' என்று பின்மூடியில் பொறித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஆயிரம் மட்டுமே செய்தார்கள் என்றால், அதைத் தேடுகிறவர்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தால்தான் விலை.

சரி, அந்த ஏழெட்டில் ஒன்றே உங்களுக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். என் மேஜையில் நான் போடும் கணக்கை உங்களுக்கும் போட்டுக்காட்டுகிறேன். டீலரிடம் 100 கொடுத்து வாங்குகிறீர்கள். மறுநாளே மனம் மாறி அதே டீலரிடம் திருப்பிக் கொண்டுபோனால் 80 கொடுப்பார். அவரும் கடை வாடகை கட்ட வேண்டும், அதில் தப்பில்லை. 15 வருடத்தில் இரண்டு முறையாவது சர்வீஸ் செய்ய வேண்டும். லாக்கரில் ஓடாமல் வைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு வயதாகும், தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் இறுகிப்போகும். அதற்கு ஒரு 10. காப்பீடு வருடத்துக்கு 1 என்று குறைத்தே போட்டாலும் 15. ஆக உங்கள் கையிலிருந்து போனது 125. விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். இன்றைய 100-க்குச் சமமாக 15 வருடம் கழித்து 208 வேண்டும். அதோடு செலவான 25-ஐச் சேர்த்தால் 233. இந்த 233 உங்கள் கைக்கு வரவேண்டும் என்றால், டீலர் தன் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வார் என்பதால், கடையில் அந்த வாட்ச்சின் விலை 290-ஐத் தொட்டிருக்க வேண்டும்.

அதாவது விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆனால்தான் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். இரண்டு மடங்கு ஆனது என்று ஊரே கொண்டாடினாலும் உங்களுக்கு அது நஷ்டம். பங்கு என்றால் நடுவில் டிவிடெண்ட் வரும், வீடு என்றால் வாடகை வரும். லாக்கரில் இருக்கும் வாட்ச் நேரம்கூடக் காட்டாது. சாவி கொடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும்.

'அப்படியானால் ஏலத்தில் கோடி கோடியாகப் போகிறதே?' என்று அடுத்து கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். அந்தச் செய்திகளைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு டேடோனா 1.77 கோடி டாலருக்குப் போனது. அது நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த வாட்ச். வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள் என்று அவர் மனைவி பின்மூடியில் பொறித்துக் கொடுத்தது. அந்த ஏலத்தில் விலைபோனது நியூமனின் கைதான். 2019-ல் ஜெனீவாவில் படேக் பிலிப் ஒன்று 3.1 கோடி ஸ்விஸ் பிராங்குக்குப் போனது. உலகில் அந்த ஒன்றுதான் ஸ்டீலில் செய்யப்பட்டது, அதுவும் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி திரட்டிய தர்ம ஏலம். நன்கொடையும் கலந்த அந்தத் தொகையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உண்மையான சந்தை என்று சொல்லத்தக்க ஓர் உதாரணம் ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்க வங்கியாளருக்காக படேக் பிலிப் செய்து 1933-ல் கொடுத்த பாக்கெட் வாட்ச். 24 விதமான வேலைகள் செய்யும் அது. நியூயார்க்கின் இரவு வானமே அதற்குள் இருக்கிறது. வாட்ச் உலகில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்று சொல்லுமளவு பேர்பெற்றது. 1999-ல் ஏலத்தில் 1.1 கோடி டாலருக்குப் போனது. 2014-ல் மறுபடி வந்தது, 2.4 கோடி. செய்தி வந்த அன்று எனக்கும் புல்லரித்தது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 15 வருடம். உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லும் அதே 15 வருடம். வருடத்துக்கு 5 சதவீதம் சொச்சம்தான் வருகிறது. அந்த 2.4 கோடியில் வாங்குபவர் ஏலக் கம்பெனிக்குத் தரும் கமிஷனும் அடக்கம், விற்றவர் கைக்கு அவ்வளவும் போயிருக்காது. அதே காலத்தில் தங்கம் அவுன்ஸ் 290 டாலரை ஒட்டி இருந்து 1,150 டாலர் அளவுக்கு, கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஏறியிருந்தது. 1999 தங்கம் அடிமட்டத்தில் இருந்த நேரம், அதனால் இந்த ஒப்பீடு வாட்ச்சுக்குக் கொஞ்சம் அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உலகின் தலைசிறந்த வாட்ச்சே பெருங்கூட்டம் பார்க்க விற்று இவ்வளவுதான் கொடுத்தது என்றால், லாக்கரில் கிடக்கப்போகும் மூன்று வாட்ச்சிடம் நாம் என்ன எதிர்பார்க்கலாம்?

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை வேறு ஒன்று. தங்கத்தைத் தோண்டி எடுக்க வேண்டும், நினைத்தபோது உண்டாக்க முடியாது. ஸ்டீல் டேடோனாவுக்கு இருக்கும் தட்டுப்பாடு அப்படிப்பட்டது இல்லை. ரோலெக்ஸ் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் வாட்ச் செய்கிறது என்பது பொதுவான கணிப்பு. எந்த மாடலை எவ்வளவு விட வேண்டும் என்று முடிவு செய்வது அவர்கள்தான். குழாய் அவர்கள் வீட்டில் இருக்கிறது, நாம் வாளியோடு வெளியே நிற்கிறோம். ஸ்விட்சர்லாந்தில் புல் என்ற ஊரில் பெரிய தொழிற்சாலை ஒன்றைக் கட்டுகிறார்கள், 2029-ல் இயங்கத் தொடங்கும் என்கிறார்கள். 2022 கடைசியில் பழைய ரோலெக்ஸைத் தாங்களே சான்று கொடுத்து விற்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் புகேரர் என்ற பெரிய சில்லறைக் கடைத்தொடரையே வாங்கப்போவதாக அறிவித்தார்கள். புதுசு, பழசு இரண்டின் விலையிலும் கை வைக்கக்கூடிய ஒரு கம்பெனி 15 வருடம் கழித்து என்ன நினைக்கும் என்பதை வைத்து உங்கள் மகளின் கல்லூரிக் கட்டணம் அமைய வேண்டுமா?

ரசனை மாறுவது இன்னொரு பக்கம். 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானில் சீகோ கம்பெனி, சாவி இல்லாமல் பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன்பின் வந்த பதினைந்து வருடத்தில் ஸ்விஸ் வாட்ச் தொழிலில் வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் வேலை இழந்தார்கள். 1980-ல் தங்கம் ஏறியபோது, அருமையான தங்க வாட்ச்சுகளின் கூட்டை மட்டும் பிரித்து உருக்கினார்கள். உள்ளே இருந்த மெஷினை என்ன செய்வது என்று தெரியாமல் டப்பாவில் கொட்டி வைத்தார்கள். அப்படி ஒரு டப்பாவிலிருந்து உதிரிபாகம் பொறுக்கித்தான் நான் தொழில் கற்றேன். நியூமன் கட்டியிருந்தாரே, அந்த மாதிரி டயல் வைத்த டேடோனாவைக் கடைக்காரர்கள் அன்று தள்ளிவிட முடியாமல் தவித்தார்கள். இன்று அந்த டயல் ஒன்றுக்காகவே விலை பல மடங்கு. 2000-களில் 44, 47 மில்லிமீட்டர் என்று சாப்பாட்டுத் தட்டு மாதிரிக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள், இன்று 36-க்குத் திரும்பி வந்துவிட்டார்கள். எது விலைபோகும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை, நான் உள்பட.

போலி பற்றியும் ஒரு வார்த்தை. முழுப் போலியைக் கண்டுபிடிப்பது இன்றும் ஓரளவு சுலபம். கஷ்டம் அரைப் போலி. கூடு அசல், மெஷின் அசல், டயல் வேறு ஒன்றிலிருந்து, முள் இன்னொன்றிலிருந்து. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1957-ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். பல வாட்ச்சின் பாகங்களைச் சேர்த்துக் கோத்தது அது என்று 2023-ல் ஒமேகாவே அறிவித்தது. செய்த கம்பெனியின் கண்ணிலேயே மண்ணைத் தூவ முடியும் என்றால் லாக்கர் வைத்திருக்கும் நமக்கு எவ்வளவு தூவலாம் என்று பாருங்கள்.

ஆக, படிப்புப் பணம் வாட்ச்சுக்கு வேண்டாம். 15 வருடத்தில் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் பணம் தேவை என்று தேதி குறித்த கடமை அது. அந்த மாதம் வாட்ச் சந்தை படுத்திருந்தால் கல்லூரி காத்திருக்காது. அதை எங்கே போடுவது என்பதற்கு நான் ஆளில்லை. கமிஷனுக்கு விற்காத, கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் ஒருவரைப் பாருங்கள்.

வாட்ச் ஆசை இருந்தால் அது வேறு விஷயம், அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். மூன்று வேண்டாம், ஒன்று. பாதி விலைக்குப் போனாலும் தூக்கம் கெடாத தொகையில். கல் பதித்ததைவிட வெறும் ஸ்டீல் மேல். புதிதாக வாங்கினால் பில், வாரண்டி கார்டு, பெட்டி, கழற்றிய செயின் கண்ணிகள் வரை பத்திரம். பழசாக வாங்கினால் வாட்ச்சைப் பார்ப்பதற்கு முன் விற்பவரைப் பாருங்கள்: தவறு என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுப்பாரா? திருட்டு வாட்ச்சுகளின் எண்களைப் பதிந்து வைக்கும் தரவுத்தளங்கள் இருக்கின்றன, அதில் ஒருமுறை தேடிவிடச் சொல்லுங்கள். அப்புறம் கையில் கட்டுங்கள், லாக்கரில் பூட்டாதீர்கள். விலை ஏறினால் சந்தோஷம். ஏறாவிட்டாலும் 15 வருடம் அனுபவித்திருப்பீர்கள்.

இனி உங்கள் அப்பாவின் ஒமேகா. கடிதத்தில் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், என்னைப் பதற வைத்தது அந்த வரிதான்.

தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள். போன மாதம்கூட ஒருவர் இப்படித்தான் வந்தார். நல்ல வாட்ச், அசல் மெஷின். டயல் மட்டும் பளபளவென்று புதுசு. லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தால் எழுத்தின் ஓரம் கொழகொழவென்று இருந்தது. நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வரவில்லை. ஒமேகாவின் முத்திரையில் கால்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. வீட்டில் பழைய டயல் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கைபேசியில் காட்டினார். ஓரங்களில் தேன் நிறம் படர்ந்து, நடுவில் வெளிறி, அவ்வளவு அழகாக இருந்தது. அந்த நிறத்துக்குத்தான் ஆள் காசு கொடுப்பார்கள், அதைச் சுரண்டி எடுக்க இவர் காசு கொடுத்திருக்கிறார்.

பாலிஷும் அப்படியே. பாலிஷ் என்றால் கீறல் இருக்கும் ஆழம்வரை உலோகத்தைச் சீவி எடுப்பது. ஸ்ட்ராப் மாட்டும் காதுகளில் கத்தி முனை போல ஓர் ஓரம் இருக்கும். இரண்டு முறை பாலிஷ் போட்டால் அது சோப்பு தேய்ந்த மாதிரி உருண்டுவிடும். போனது திரும்பாது.

நல்ல மெக்கானிக் ஒருவரிடம் பின்மூடியை மட்டும் திறக்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். மூடியின் உட்புறத்தில் அச்சடித்த எண்களோடு, ஊசிமுனையால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகளும் இருக்கும். முன்பு சர்வீஸ் செய்தவர்கள் தேதியும் தங்கள் அடையாளமும் போட்டு வைத்தது. உங்கள் அப்பா எந்தெந்த வருடம் அதைக் கொடுத்துச் சரிபார்த்தார் என்பது அதில் தெரியலாம். மூடியின் உட்புறம், மெஷின் மேல் உள்ள எண், டயல் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். விலை என்ன என்று சொல்கிறேன். விற்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். அதுவரை துணியால்கூட டயலைத் துடைக்க விடாதீர்கள்.